நித்திரை வராதது பரம்பரையா, பட்ட பாடா?

“அம்மாவுக்கும் எனக்கும் வருசக்கணக்காக நித்திரை இல்லை. பரம்பரையில் வந்ததா, சண்டைக்குள் பட்டதால் வந்ததா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நாங்கள் இலங்கையில் முல்லைத்தீவு மாவட்டத்து விசுவமடு. என் அம்மம்மாவுக்கு இளவயதிலிருந்தே கோழி நித்திரைதான், ஓலை அசைந்தால் எழும்பிவிடுவா. அம்மா அப்படியில்லை, தலை சாய்த்தால் விடியத்தான் எழும்புவா. 2009 கடைசிச் சண்டையோடு அந்த நித்திரை போனது, பிறகு திரும்பவேயில்லை. நானும் அந்த வருசத்தோடு முழிக்கத் தொடங்கினேன். தம்பியோ அதே பங்கருக்குள், அதே செல்லடிக்குள், என் காலில் தலைவைத்துக் குறட்டை விட்டவன். இன்றைக்கும் விடுகிறான்.

தம்பியை வைத்துத்தான் நான் இதை வாசிக்கத் தொடங்கினேன். ஒரே கருவில் பிரிந்த இரட்டையரையும் மற்ற இரட்டையரையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், தூக்கமின்மையில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் மரபணு சார்ந்தது என்று வருகிறது. இதைப் பலர் “என் நித்திரையில் 40 பங்கு பரம்பரை, 60 பங்கு சண்டை” என்று பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். தனி ஒருவரின் நித்திரையை அப்படிக் கூறுபோட முடியாது.

வயலை நினையுங்கள். இரணைமடுக் குளத்து வாய்க்கால் பாயும் வயலும் மானாவாரி வயலும் கலந்திருந்தால், விளைச்சலில் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் தண்ணீரால் வந்தது. எல்லா வயலுக்கும் ஒரே அளவு தண்ணீர் பாய்ந்தால், மிஞ்சும் வித்தியாசம் விதைநெல்லுடையது. ஆகவே அந்த 40 எந்த ஊருக்கும் நிலையான எண் இல்லை. ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தவை. எங்களுக்கோ குண்டு போடும் கிபிர் விமானமும், வண்டு என்று நாங்கள் சொல்லும் வேவு விமானத்தின் சத்தமும் வீட்டுக்கு வீடு பொது. எல்லாரும் ஒரே அடியை வாங்கின இடத்தில், யார் எழும்பி உட்கார்ந்தார், யார் குறட்டை விட்டார் என்பதில் விதையின், அதாவது மரபணுவின், பங்கு கூடுதலாகத்தான் தெரியும். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தாலும் எனக்கும் தம்பிக்கும் பொதுவாக வந்த விதை ஏறத்தாழப் பாதிதான்.

அந்த விதையும் ஒற்றை மரபணு இல்லை. 13 லட்சத்துக்கு மேற்பட்ட ஆட்களை வைத்து 2019இல் வந்த ஆய்வு, ஒருவரின் முழு மரபணுத் தொகுப்பில் தூக்கமின்மையோடு தொடர்புள்ள 202 இடங்களைக் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. அம்மம்மாவிடமிருந்து எனக்கு வந்தது நோயில்லை, இலேசில் குழம்பும் நித்திரை என்றுதான் நினைக்கிறேன். குழப்பியது 2009.

ஆனால் சண்டை முடிந்து இத்தனை வருசமாகியும் அது ஏன் நிற்கவில்லை? இங்கேதான் என் பிழையும் இருக்கிறது. “நேற்றும் நித்திரையில்லை” என்று எட்டு மணிக்கே பாயில் விழுவேன், மத்தியானமும் படுப்பேன், இரவில் பிளேன்ரீ வேறு. முழித்துக் கிடக்கும் இடம் பாய் என்று உடம்பு பழகிவிட்டது. மரபணுவையும் 2009ஐயும் மாற்ற முடியாது, இதை மாற்றலாம். கிழமைக்கு மூன்று இரவாவது, மூன்று மாதத்துக்கு மேல் இப்படியிருந்தால் நாள்பட்டது என்பார்கள். அதற்குக் குளிசைக்கு முதல் இந்தப் பழக்கங்களை மாற்றும் நடத்தைச் சிகிச்சையைக் கொடுக்கச் சொல்லி 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி பரிந்துரைத்தது. நான் செய்தது: எப்ப படுத்தாலும் ஐந்து மணிக்கு எழும்புவது, கண் சொருகினால் மட்டும் பாய்க்குப் போவது, இருபது நிமிசம் போலப் புரண்டால் எழும்பி விறாந்தையில் இருப்பது. முதல் இரண்டு கிழமை செத்துப் பிழைத்தேன். இப்போது கிழமையில் ஒரு இரவுதான் கெடுகிறது.

உங்கள் அம்மா கனவில் கத்திக்கொண்டு எழும்புகிறவராக இருந்தால் இது மட்டும் காணாது. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். என் அம்மா “எனக்கென்ன விசரோ” என்று இரண்டு வருசம் மறுத்தவ. கடைசியில் காலுளைவுக்கு மருந்து எடுக்கப்போவம் என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன்.