டிஎஸ்எல்ஆர் கேமராவுக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு லென்ஸ் வாங்கினால் எதை வாங்கலாம்?

நீங்கள் கேள்வியில் கொடுத்திருக்கும் விவரம் இது. நிக்கான் டி5600, அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ், சிங்கப்பூர் செங்காங்கில் நாலறை வீடு, எட்டு மாதக் குழந்தை, டிசம்பரில் தஞ்சாவூர், மதுரைப் பயணம், கையில் 600 வெள்ளி. கடைக்காரர் 18-400 வாங்கு என்கிறார். நண்பர் 50 எஃப்/1.8 வாங்கு என்கிறார். (18, 50, 400 எல்லாம் மில்லிமீட்டரில் குவியத் தூரம்; சின்ன எண் அகலமாகப் பார்க்கும், பெரிய எண் தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும். எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடுதலாக நுழையும்.) லென்ஸைக் கழற்றி மாட்டும் வேலை மட்டும் வேண்டாம் என்கிறீர்கள்.

இரண்டு பேர் சொன்னதையும் விடுங்கள். சிக்மா 17-50 எஃப்/2.8, நிக்கான் மவுண்ட் (நிக்கான் கேமராவில் பொருந்துவது), செகண்ட் ஹேண்டில் பாருங்கள். ஏன் என்று சொல்வதற்கு முன் நான் தண்டம் அழுத கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பத்து வருடத்துக்கு முன் நானும் உங்களைப் போலத்தான் அலைந்தேன். அலைந்து ஒரு 18-300 வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், லென்ஸ் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. பதினெட்டில் ஆரம்பித்து முந்நூறு வரை என்று கேட்டதுமே, ஒன்றின் விலைக்கு நாலு லென்ஸ் கிடைத்த சந்தோஷம் எனக்கு. முதல் வாரம் முழுக்க ஈசூன் வீட்டு வராந்தாவில் நின்று எதிர் புளோக்கில் காயும் துணியையும் நிலாவையும் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடத் தைப்பூசத்துக்கு மச்சான் காவடி எடுத்தார். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் விடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது அலகு குத்துகிறார்கள். சுற்றிலும் சொந்தக்காரர்கள், ஒருவர் உருமி அடிக்கிறார், வேல் வேல் என்று சத்தம். எனக்கும் மச்சானுக்கும் நடுவே மூன்றடி கூட இல்லை. பின்னால் நகர இடமில்லை. முந்நூறு வரை போகும் லென்ஸ், நான் 18-க்கும் 50-க்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். முகத்தைக் கொஞ்சம் கிட்டே இழுக்கலாம் என்று ஜூம் செய்தால் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துவாரம், சுருங்கி எஃப்/5 பக்கம் போய்விடுகிறது. ஐஎஸ்ஓவை (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 6400 வைத்தும் ஷட்டர் வேகம் 1/30 நொடிக்கு மேல் ஏறவில்லை. நாக்கில் வேல் இறங்கும் நேரத்தில் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்க மனம் வரவில்லை. அந்த ஒரு நொடிக்கு ஆறு படம் எடுத்தேன், ஆறிலும் மச்சான் கரைந்துபோயிருந்தார். மாமியார் கேமராவின் திரையைப் பார்த்துவிட்டு, “என்ன மாப்பிள்ளை, எல்லாம் ஆடிப்போயிருக்கு?” என்று கேட்டார். நான் ஷட்டர் வேகத்தைப் பற்றிச் சொன்ன விளக்கத்தை அவர் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். நீங்களும் இதை இன்றைக்கே செய்யலாம், காசு செலவில்லை. ஒவ்வொரு படத்தின் கோப்பிலும் அது எந்தக் குவியத் தூரத்தில் எடுக்கப்பட்டது என்று பதிந்திருக்கும். கணினியில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து பிராபர்ட்டீஸ் போனால் தெரியும். என் ஒரு வருடப் படங்களைப் புரட்டியபோது பெரும்பாலானவை 18-க்கும் 60-க்கும் நடுவே இருந்தன. முந்நூறில் எடுத்தவை என்றால் நிலா, சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் ஒரு காலைப்பொழுது, அப்புறம் அந்த எதிர் புளோக் துணி.

இந்த ஊரில் நமக்குப் படம் எடுக்க நேரம் எப்போது கிடைக்கிறது என்பதையும் யோசியுங்கள். வருடம் முழுக்க ஏழு, ஏழே காலுக்குச் சூரியன் இறங்கிவிடுகிறது. அந்திவெளிச்சம் நீண்டு நிற்கும் ஊர் இல்லை இது. ஆபீஸ் முடிந்து எம்ஆர்டி ரயில் பிடித்து வீட்டுக்கு வந்தால் குழந்தை விளக்கு வெளிச்சத்தில்தான் விளையாடிக்கொண்டிருக்கும். தீபாவளி விளக்கு, தேக்காவில் சாமான் வாங்கும் கூட்டம், புளோக்கின் கீழே நடக்கும் கல்யாண விருந்து எல்லாம் இருட்டில் அல்லது டியூப்லைட்டில். அதனால் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு முன்னால், எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடும், எவ்வளவு அகலமாகப் பார்க்கும் என்ற இரண்டையும் கேளுங்கள்.

வெளிச்சத்தின் கணக்கு சுலபம். எஃப்/5.6-ஐ விட எஃப்/2.8 நாலு மடங்கு வெளிச்சம் விடும். உங்கள் கூடத்தில் கிட் லென்ஸை 50 பக்கம் வைத்து ஐஎஸ்ஓ 6400-இல் 1/60 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே இடத்தில் எஃப்/2.8 லென்ஸில் 1/250 கிடைக்கும். தவழ்கிற குழந்தையை 1/60-இல் எடுத்தால் கை இரண்டும் புகைமாதிரி வரும், 1/250-இல் விரல் விரலாக நிற்கும். “அதற்குத்தான் விஆர் இருக்கிறதே” என்று கடையில் சொல்வார்கள். விஆர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், குழந்தையைப் பிடிக்காது. மெரினா பே பாலத்தில் நின்று கட்டடத்தை எடுக்க அது அருமையான விஷயம், கட்டடம் ஓடாது.

“கிட் லென்ஸும் 18-55தானே, அதே தூரத்துக்கு ஏன் இன்னொன்று?” என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கிட் லென்ஸின் எஃப்/3.5 என்பது 18-இல் மட்டும். ஜூம் செய்யச் செய்ய அது சுருங்கி, ஆள் முகம் எடுக்கும் 50 பக்கம் வரும்போது கிட்டத்தட்ட 5.6 ஆகிவிடும். 17-50இல் கடைசிவரை 2.8 நிற்கும். முகத்துக்குப் பின்னால் இருக்கும் துணிக்கூடை, பால்புட்டி, ஃபேன் எல்லாம் மங்கிப்போவது இலவச லாபம். கிட்டே போய் 2.8-இல் எடுக்கும்போது மட்டும் ஃபோகஸ் புள்ளியைக் கண்ணின் மேல் வையுங்கள், இல்லாவிட்டால் மூக்கு தெளிவாகவும் கண் மங்கலாகவும் வந்து தொலைக்கும்.

நண்பர் சொன்ன 50 எஃப்/1.8-க்கு வருகிறேன். வெளிச்சத்தில் அது 2.8-ஐயும் அடித்துவிடும், விலையும் குறைவு. ஆனால் உங்கள் கேமராவில் இருப்பது கிராப் சென்சார், பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவான ஃபுல் ஃபிரேமைவிடச் சின்னது. அதில் 50 என்பது ஃபுல் ஃபிரேமின் 75 மாதிரி நெருக்கமாகப் பார்க்கும். மூன்று மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் சட்டத்துக்குள் அகலவாக்கில் 1.4 மீட்டர்தான் அடங்கும். அதே இடத்தில் 17-இல் நாலு மீட்டருக்கு மேல். நாலறை வீட்டுக் கூடத்தில் சோபாவைத் தாண்டி மூன்று மீட்டர் தள்ளிப் போவதே பெரிய காரியம். தாத்தா, பாட்டி, குழந்தை, உங்கள் மனைவி நால்வரும் சோபாவில் உட்கார்ந்தால், 50-ஐ வைத்துக்கொண்டு நீங்கள் வாசலுக்கு வெளியே வராந்தாவில்தான் நிற்க வேண்டும். இரண்டாவது லென்ஸாக அது நல்ல லென்ஸ். நீங்கள் கேட்டது ஒரே லென்ஸ்.

50 விஷயத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. டி5600-க்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, டி3000, டி5000 வரிசைகள் எல்லாமே அப்படித்தான். மோட்டார் லென்ஸுக்குள் இருந்தால்தான் தானாக ஃபோகஸ் ஆகும். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் பழைய 50 எஃப்/1.8டி-யை மாட்டினால் கையால்தான் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும், அதுவும் தவழ்கிற குழந்தையைத் துரத்திக்கொண்டு. நிக்கான் லென்ஸ் என்றால் பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி இருக்க வேண்டும். சிக்மாவில் எச்எஸ்எம் என்று போட்டிருக்கும். டாம்ரானின் பழைய 17-50 எஃப்/2.8-இல் மோட்டார் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு, கேட்டு வாங்குங்கள். கேனான் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் இந்தக் கவலை உங்களுக்கு இல்லை. கேனானின் இஎஃப் லென்ஸ்கள் எல்லாவற்றிலும் மோட்டார் உள்ளேயே இருக்கிறது.

பயணத்துக்கு 50 வரை போதுமா? இங்கேதான் என் பதிலில் ஓட்டை இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. தஞ்சாவூர் பெரிய கோயிலில் விமானம் முழுவதையும் முற்றத்தில் நின்றே எடுக்க 17 வேண்டும், சுற்றுமண்டப இருட்டுக்கு 2.8 வேண்டும். அதுவரை சரி. விமானத்தின் மேல்நிலையில் இருக்கும் சிற்பம் ஒன்றைத் தனியாக எடுக்க 50 பத்தாது. மதுரையில் கோயிலுக்குள் கேமராவை விடமாட்டார்கள், சித்திரை வீதியில் நின்று கோபுரத்தைத்தான் எடுப்பீர்கள். அங்கேயும் ஒரு பொம்மையின் முகத்தை இழுக்க முடியாது. உங்கள் கேமராவில் 24 மெகாபிக்சல் இருப்பதால் 50-இல் எடுத்துப் பாதியாக வெட்டினால் 100-இல் எடுத்த மாதிரி வரும், 6 மெகாபிக்சல் மிஞ்சும். வாட்ஸ்அப்புக்குத் தாராளம், ஏ4 அளவில் அச்சுப் போடவும் தாங்கும். அதற்கு மேல் வெட்டினால் பல் இளிக்கும்.

படக்கோப்புகளைப் புரட்டும்போது உங்கள் படங்களில் பாதிக்கு மேல் 55-இல் முட்டிக்கொண்டு நின்றால், அதுவும் பகலில் எடுத்தவை என்றால், நான் சொன்னதை விட்டுவிட்டு நிக்கான் 18-140 வாங்குங்கள். 490 கிராம், விஆர் உண்டு, தெளிவும் நன்றாகவே இருக்கும். கேனானில் இதற்குச் சமமானது 18-135. குழந்தையை வீட்டுக்குள் எடுக்க ஐஎஸ்ஓவை ஏற்றிச் சமாளிக்க வேண்டும், அவ்வளவுதான். கையில் காசு இருந்தால் நிக்கான் 16-80 எஃப்/2.8-4 இரண்டுக்கும் நடுவே அழகாக உட்காரும், உங்கள் 600 வெள்ளிக்குள் நல்ல நிலையில் அமைந்தால் அதிர்ஷ்டம்.

கடைக்காரர் காட்டிய 18-400, இருபத்திரண்டு மடங்கு ஜூம். ஒரே குழாய்க்குள் அத்தனையையும் அடக்கும்போது எங்காவது விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும், கடைசி முனையில் எஃப்/6.3, கனம் 700 கிராமுக்கு மேல். பகலில் பறவை பார்ப்பவருக்கு அது சரியான லென்ஸ். கைக்குழந்தைக்காரருக்கு இல்லை.

சிக்மாவிலும் குறை இல்லாமல் இல்லை. 565 கிராம், உங்கள் கிட் லென்ஸ் 200 கிராம் அளவுதான், கழுத்துக்கு வித்தியாசம் தெரியும். ஃபில்டர் அளவு 77 மி.மீ., அதனால் ஃபில்டர் விலையும் கூடும். 2.8-இல் ஓரங்கள் கொஞ்சம் மிருதுவாக வரும், எஃப்/4 வைத்தால் இறுகிவிடும்.

வாங்கும்போது கேரோசல் விற்பனைத் தளத்தில் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா கடைத்தொகுதியில் பழைய லென்ஸ் விற்கும் கடைகள் இருக்கின்றன, உங்கள் கேமராவையும் ஒரு சின்ன டார்ச்சையும் எடுத்துப் போங்கள். அங்கே ஒரு சீன அங்கிள்தான் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். பின்மூடியைக் கழற்றி, ஒரு பக்கம் டார்ச் அடித்து, மறுபக்கம் சாய்வாகப் பார்க்க வேண்டும். கண்ணாடிக்குள் சிலந்திவலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை, எவ்வளவு மலிவானாலும் வைத்துவிட்டு வாருங்கள். ஒன்றிரண்டு தூசியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அப்புறம் உங்கள் கேமராவிலேயே மாட்டி, 17-இலும் 50-இலும் எஃப்/2.8 வைத்துப் பத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வேறு கம்பெனி லென்ஸ்கள் சில, கேமராவுக்குக் கேமரா சண்டித்தனம் பண்ணும். அடுத்தவர் கேமராவில் வேலை செய்ததே என்பது கணக்கில் வராது.

600 வெள்ளியில் மிச்சம் வரும். அந்த மிச்சத்தில் ஒரு சின்ன உலர்பெட்டி வாங்கி, ஈரப்பதத்தை 40-க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவே வைத்து கேமராவை லென்ஸோடு உள்ளே வையுங்கள். நான் ஒரு 35-ஐத் துணி அலமாரியில் பிளாஸ்டிக் பைக்குள் ‘பத்திரமாக’ ஒரு வருடம் வைத்திருந்து பூஞ்சைக்குத் தின்னக் கொடுத்தவன். ஏர்கான் அறையிலிருந்து நேராக வெளியே எடுத்துப் போனால் கண்ணாடி வியர்த்துவிடும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். பையை மூடியபடி இருபது நிமிடம் வெளியே வைத்துவிட்டு எடுத்தால் சரியாகிவிடும்.

என் 18-300 எங்கே என்று கேட்டால், மச்சானிடம் இருக்கிறது. ஆடிப்போன படங்களுக்குப் பரிகாரமாகக் கொடுத்தேன். மனிதர் அதை மாட்டிக்கொண்டு சுங்கை பூலோவே கதி என்று கிடக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நான் பல் துலக்கி முடிப்பதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கொக்கு வந்து நிற்கும். மாமியார் அதற்குத் தவறாமல் கைதட்டும் படம் போடுகிறார்.