பகலில் மிச்சம், இரவில் புகை: காபன் கொள்கை பற்றிக் கேள்வி பதில்

பதில் தருபவர் கொழும்பில் சோலார் வேலை பார்க்கும் மின் பொறியியலாளர்.

வெள்ளவத்தை வாசகி: 2030க்குள் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்கிறார்கள். 2025 சித்திரைப் புத்தாண்டுக்குக் கூரை சோலாரை நிப்பாட்டச் சொன்னார்கள். இதென்ன கூத்து அண்ணா?

கூத்துத்தான் தங்கச்சி, ஆனால் காரணம் இருக்கு. புத்தாண்டுக்குத் தொழிற்சாலை, கந்தோர் எல்லாம் பூட்டு. மின்பாவனை விழுந்துவிடும், வெயிலோ உச்சத்தில். கூரை சோலார் தன்பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களுக்கு அதைக் குறைக்க வழியில்லை. அதற்கு இடம்விட நீர்மின், அனல்மின் டர்பைன்களை நிப்பாட்டினால், கோளாறு நேரத்தில் தாங்கிப்பிடிக்கச் சுழலும் இயந்திரம் போதாது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டதே, அன்றும் இதே கதைதான், ஆனால் கெட்ட பெயர் முழுக்கக் குரங்குக்கு!

பின்னேரம் ஆறரைக்கு எல்லா வீட்டிலும் லைற் எரியும்போது சோலார் பூச்சியம். அந்த நேரம் எண்ணெயை எரிக்கிறோம். 2016இல் தொடங்கிய 'சூரிய பல சங்கிராமய' என்ற அரசின் கூரை சோலார் திட்டம் கூரைகளை நிரப்பியது, பற்றரியை மறந்தது. கொள்கையின் ஓட்டை அங்கேதான்.

கொட்டாஞ்சேனை வாசகர்: வாகனக் காபன் வரி என்னவானது?

2019 ஜனவரியில் வந்தது. ஆண்டுக் கடைசியில் ஆட்சி மாறியது, வரியும் போனது. எனக்கு அந்த வரி பிடிக்கும். ஆனால் காரை விட்டவன் எதில் ஏறுவது? மாலபே இலகு ரயிலையும் 2020இல் ரத்துச் செய்தார்கள். மாலபேக்காரர் இன்னும் 177 பஸ்ஸில் தொங்குகிறார்கள்.

தெஹிவளை வாசகர்: புகைப் பரிசோதனை பாஸ். அப்போ என் கார் சுத்தம்தானே?

அதில் பார்ப்பது காபன் மொனொக்சைட்டு, ஐதரோகாபன், டீசல் என்றால் கரும்புகை. பூமியைச் சூடாக்கும் காபனீரொட்சைட்டுக்குப் பாஸ், பெயில் இல்லை. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ வந்தே தீரும்.

மட்டக்குளி வாசகர்: நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தை மூடுவார்களா ஐயா?

900 மெகாவாட்டை இப்போது மூடினால் இருட்டில்தான் இருப்போம். புது நிலக்கரி நிலையம் இல்லை என்று 2021இல் ஐ.நா.வுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். சம்பூர் நிலக்கரி மின்நிலையத் திட்டம் அதற்கு முன்பே, 2016இல் கைவிடப்பட்டது. அதே வாக்குறுதியில் 2030க்குள் பச்சைவீட்டு வாயு வெளியேற்றத்தை, வழமைபோல் போனால் வரக்கூடிய அளவிலிருந்து 14.5 வீதம் குறைப்பதாகவும் இருக்கு. அதில் நம் சொந்தப் பலத்தில் 4 வீதம், மற்றது வெளியுதவி கிடைத்தால்தான். இந்தச் சிறிய எழுத்தை மேடையில் யாரும் வாசிப்பதில்லை.

பம்பலப்பிட்டி வாசகி: எங்கள் மாடிக்கு சோலார் போடலாமா?

போடுங்கோ அக்கா, பற்றரியோடு. காசு பத்தாவிட்டால் தண்ணி ஏத்துற மோட்டருக்கு ஒரு டைமர் மாட்டி, மத்தியானம் பன்னிரண்டுக்கு ஓட விடுங்கோ.