மெக்கவர்ன் ஏன் சொல்லிக்கொள்ளவில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜார்ஜ் மெக்கவர்ன் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறேன். 1972 அமெரிக்க அதிபர் தேர்தலில், வியட்நாம் போரை நிறுத்துவேன் என்று சொல்லி அப்போதைய அதிபர் நிக்சனை எதிர்த்து நின்று 49 மாநிலங்களில் தோற்றவர். அவரைக் கோழை என்றுகூடச் சிலர் ஏசினார்கள். ஆனால் இரண்டாம் உலகப்போரில் 35 முறை குண்டுவீச்சு விமானம் ஓட்டிச் சென்று பதக்கம் வாங்கியவர் அவர். பிரச்சாரத்தில் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லியிருந்தால் வென்றிருப்பாரா? களத்தில் வீரர்கள் செத்துக்கொண்டிருக்கும்போது போர் தவறு என்று பேசுவது அவர்களைக் கைவிடுவது ஆகாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

சொல்லியிருந்தாலும் தோற்றிருப்பார் என்றே நினைக்கிறேன். துணை அதிபர் வேட்பாளராக அவர் அறிவித்த ஈகிள்டனை மூன்று வாரத்துக்குள் மாற்ற வேண்டி வந்தது. வியட்நாமிலிருந்து படைகளில் பெரும்பகுதியை நிக்சன் ஏற்கெனவே திருப்பி அழைத்திருந்தார். அப்புறம், பதக்கம் ஒரு வேட்பாளரைக் காப்பாற்றும் என்பதே சந்தேகம்தான். மாக்ஸ் கிளீலாண்ட் வியட்நாமில் இரண்டு கால்களையும் ஒரு கையையும் இழந்தவர். 2002இல் ஜார்ஜியா மாநிலத்தில் செனட் தேர்தலில் அவருக்கு எதிரான விளம்பரத்தில் பின்லேடனையும் சதாமையும் காட்டினார்கள். தோற்றுப்போனார். 2004 அதிபர் தேர்தலில் ஜான் கெர்ரி தன் வியட்நாம் போர்ச்சேவையை முன்னிறுத்தியே நின்றார். அங்கே அவர் வாங்கிய பதக்கங்களையே பொய் என்றார்கள்.

மெக்கவர்ன் சொல்லிக்கொள்ளாததற்குக் காரணம் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. 1945இல் ஒருநாள் விமானத்தில் ஒரு குண்டு சிக்கிக்கொண்டது. அதைக் கழற்றிவிட்டபோது ஆஸ்திரியாவில் ஒரு பண்ணைவீட்டின் மேல் விழுந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். உள்ளே ஒரு குடும்பம் இருந்திருக்கும் என்ற எண்ணத்தோடு தளத்துக்குத் திரும்பினால், தனக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கும் செய்தி காத்திருக்கிறது. நாற்பது ஆண்டுகள் அந்த வீடு அவர் மனதில் கிடந்தது. பிறகு ஆஸ்திரியத் தொலைக்காட்சியில் அவர் இதைச் சொல்லக் கேட்ட ஒரு விவசாயி, அது தன் வீடுதான், குடும்பத்தோடு முன்பே வெளியேறிவிட்டோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தகவல் சொன்னார். 1972இல் மெக்கவர்னுக்கு இது தெரியாது. ஹிட்லருக்கு எதிரான போர் நியாயமானது என்பதில் அவருக்குக் கடைசிவரை ஐயமில்லை. ஆனாலும் அப்படியொரு நினைவை வைத்துக்கொண்டு அதைக் காட்டி ஓட்டுக் கேட்பது எளிதல்ல.

அவர் கேட்காதது சரி என்றே சொல்வேன். போரை எதிர்க்கப் பதக்கம் வேண்டும் என்று ஒப்புக்கொண்டால், பதக்கம் இல்லாத கோடிக்கணக்கானவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். அமெரிக்க காங்கிரஸின் முதல் பெண் உறுப்பினர் ஜெனட் ராங்கின் படையில் இருந்தவர் அல்ல. 1941இல் ஜப்பான்மீது போர் தொடுக்கும் தீர்மானத்துக்கு எதிராக வாக்களித்த ஒரே ஆள் அவர். அந்த வாக்கு தவறு என்பது என் கருத்து. ஆனால் அதை அளிக்க அவருக்கிருந்த உரிமை எந்தத் தளபதியின் உரிமைக்கும் குறைந்ததல்ல.

சரி, கைவிடுவது பற்றிய கேள்வி. 1970 செப்டம்பர் 1 அன்று செனட்டில் மெக்கவர்ன் பேசியதை முழுதாக வாசியுங்கள். ஐம்பதாயிரம் இளைஞர்கள் புதைகுழிக்குப் போனதில் இங்கிருக்கும் ஒவ்வொரு செனட்டருக்கும் பங்குண்டு, இந்த அவையில் இரத்தவாடை அடிக்கிறது என்றார். கொடியைப் போர்த்திக்கொண்டு வியட்நாமில் நீடிப்போம் என்று சொல்ல ஒரு அரசியல்வாதிக்குத் துணிச்சலே தேவையில்லை, சிந்தப்படுவது நம் இரத்தம் இல்லையே என்றும் சொன்னார். படைகளைத் திருப்பி அழைக்க அவரும் இன்னொரு செனட்டரான ஹாட்ஃபீல்டும் கொண்டுவந்த சட்டத்திருத்தம் அன்றைக்கு 55க்கு 39 என்று தோற்றது. களத்தில் நின்ற வீரர்களுக்காக அன்று அந்த அவையில் வேறு யார் இவ்வளவு மன்றாடினார்கள்? போரைத் தொடரச் சொன்ன 55 பேரை நாம் ஏன் இதே கேள்வி கேட்பதில்லை?

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1964 ஆகஸ்டில், அதிபர் தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கையில், அன்றைய அதிபர் ஜான்சனுக்கு வியட்நாமில் போர் அதிகாரம் தந்த டோன்கின் தீர்மானத்துக்கு மெக்கவர்னும் ஆதரவாகவே வாக்களித்தார். முந்தைய ஆண்டே வியட்நாம் கொள்கையைக் கண்டித்தவர் அவர். பின்னாளில் அந்த வாக்குக்காக வருந்தினார். 1970இல் ‘ஒவ்வொரு செனட்டரும்’ என்றபோது தன்னையும் சேர்த்தே சொன்னார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். டோன்கின் தீர்மானத்தைச் செனட்டில் எதிர்த்து வாக்களித்தவர்கள் இரண்டே பேர், வெய்ன் மோர்ஸும் எர்னஸ்ட் குரூனிங்கும். 1968இல் இருவருமே பதவியை இழந்தார்கள்.