கணினிக் கேள்வி பதில்: விரிதாளில் எண்கள் மாறித் தெரிவது ஏன்?

கேள்வி: எங்கள் கமக்காரர் அமைப்பின் அங்கத்தவர் பட்டியலை எக்செலில் பதிகிறேன். சிலருடைய அடையாள அட்டை இலக்கம் ‘1.99ஈ+11’ என்று மாறிவிடுகிறது, சிலருடையது சரியாக நிற்கிறது. தொலைபேசி இலக்கங்களின் முன் பூச்சியமும் இல்லாமல் போகிறது. என்ன செய்யலாம்?
வாசகி, உருத்திரபுரம்

பதில்: சரியாக நிற்பவை பழைய அட்டைக்காரருடையவை. 9 இலக்கங்களுக்குப் பின்னால் வி அல்லது எக்ஸ் வருவதால், எக்செல் அவற்றை எழுத்தாக எடுத்துக் கலத்தின் இடப்பக்கத்தில் ஒட்டி வைக்கிறது. புதிய அட்டையிலோ 12 இலக்கங்கள் மட்டுமே. ‘ஜெனரல்’ வடிவக் கலம் 11 இலக்கம் வரைதான் முழுதாகக் காட்டும். அதைத் தாண்டினால் 10இன் அடுக்காகச் சுருக்கிவிடும். உள்ளே எதுவும் கெடவில்லை. நிரலைத் தெரிவுசெய்து, கொன்ட்ரோலையும் 1ஐயும் சேர்த்து அழுத்தி, ‘நம்பர்’ பகுதியில் தசம தானத்தை 0 ஆக்குங்கள். 12 இலக்கங்களும் தெரியும்.

தொலைபேசி இலக்கத்தில் அப்படியல்ல. எண்ணின் முன்னால் நிற்கும் பூச்சியத்துக்குப் பெறுமதி இல்லை என்பதால் எக்செல் அதைச் சேமிப்பதே இல்லை. ‘கஸ்டம்’ பகுதியில் 0000000000 என்று பத்துப் பூச்சியம் கொடுத்தால் திரையில் சரியாகத் தெரியும். ஆனால் வேர்டில் மெயில் மேர்ஜ் செய்து கடிதம் அடிக்கும்போது பூச்சியம் மறுபடி விழுந்துவிடும்.

கூட்டவோ பெருக்கவோ தேவையில்லாத இலக்கம் எதையும் எண்ணாகப் பதியாதீர்கள். தட்டச்சு செய்ய முன்னரே நிரலை ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிடுங்கள். கலத்தின் மூலையில் பச்சை முக்கோணம் வந்தால் வரட்டும், ‘கன்வேர்ட் டு நம்பர்’ என்பதை மட்டும் அழுத்த வேண்டாம். நீண்ட கணக்கு இலக்கங்களில் இது மிக முக்கியம். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் காக்கும். 16ஆவது இலக்கம் 0 ஆகிவிடும். பிறகு எந்த வடிவமைப்பாலும் அதை மீட்க முடியாது, வங்கிப் புத்தகத்தைப் பார்த்து மறுபடி பதிய வேண்டியதுதான்.

கேள்வி: உழவு இயந்திர வாடகை 10,000 ரூபாவை மூவருக்குப் பிரித்தேன். ஆளுக்கு 3,333.33 என்று காட்டுகிறது. அடியில் கூட்டுத்தொகை 10,000.00. கையால் கூட்டினால் 9,999.99. எது சரி?
வாசகர், முள்ளியவளை

பதில்: கலத்துக்குள் இருப்பது 3,333.3333… என்று நீளும் எண். இரண்டு தசம தானங்களோடு காட்டு என்று நீங்கள் சொன்னீர்கள், எக்செல் தோற்றத்தை மட்டும் வெட்டியது. கூட்டும்போது முழு எண்ணைத்தான் எடுக்கும். பணம் கைமாறும் கணக்கில் இது ஆகாது; காட்டும் தொகைதான் உண்மைத் தொகையாக இருக்க வேண்டும். வகுத்தலை ‘ரவுண்ட்’ என்ற சூத்திரத்துக்குள் வைத்து, கமாவுக்குப் பின் 2 போடுங்கள். கூட்டுத்தொகை 9,999.99 என வரும். மிஞ்சும் ஒரு சதத்தை ஒருவரின் பங்கில் சேர்த்துவிடுங்கள். ‘செட் பிரிசிஷன் ஏஸ் டிஸ்பிளேயட்’ என்றொரு தெரிவும் உண்டு. அது அந்தக் கோப்பிலுள்ள எல்லா எண்களையும் நிரந்தரமாக வெட்டிவிடும், தொட வேண்டாம்.

கேள்வி: நெல் நிறையை ‘1250 கி.கி’ என்று பதிந்தேன், கூட்டுத்தொகை 0 வருகிறது. விலை நிரலில் 1,250,000 என்பது 12,50,000 ஆகத் தெரிகிறது.
வாசகர், செட்டிகுளம்

பதில்: அலகைச் சேர்த்து அடித்தால் கலம் எழுத்தாகிவிடும், ‘சம்’ சூத்திரம் எழுத்தைத் தாண்டிப் போய்விடும். நிறை நிரலை மட்டும் தெரிவுசெய்து, கொன்ட்ரோலுடன் எச் விசையை அழுத்தி, முன்னுள்ள இடைவெளியோடு கி.கி என்பதைத் தேடி வெறுமையால் மாற்றுங்கள். பின் ‘கஸ்டம்’ பகுதியில் #,##0.0" கி.கி" என்று கொடுங்கள். எண் எண்ணாகவே இருக்கும், அலகு பார்வைக்கு மட்டும் வரும். ##### என்று தெரிந்தால் நிரலின் அகலம் போதவில்லை. தலைப்பின் வலது ஓரத்தை இருமுறை சொடுக்குங்கள்.

கமா இடம்மாறுவது விண்டோஸின் வேலை. தமிழுக்காகப் பிராந்தியத்தை இந்தியா என்று தெரிவுசெய்தால் இப்படி வரும். கொன்ட்ரோல் பேனலில் ‘ரீஜன்’, ‘அடிஷனல் செட்டிங்ஸ்’ சென்று, ‘டிஜிட் குரூப்பிங்’ என்பதில் 123,456,789 ஐத் தெரிவுசெய்து, எக்செலை மூடித் திறவுங்கள்.