பால்கனி இருக்கட்டும், முதலில் பேஸ்மென்ட்

(கட்டடப் பராமரிப்பில் 31 ஆண்டு வேலை பார்த்து ஓய்வுபெற்ற பொறியாளர், வாசகர்களின் வீட்டுக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: நான் தனியாக இருக்கிறேன். நகரத்துக்குள்ளேயே, தண்ணீரோரமாக, 22-வது மாடியில் ஒரு சிங்கிள் பெட்ரூம் ஃபிளாட் விலைக்கு வந்திருக்கிறது. இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டேன். பால்கனியில் நின்றால் திரும்பி வர மனமில்லை. வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: இரண்டு முறையும் நீங்கள் பார்த்தது பால்கனியைத்தான். மூன்றாவது முறை போகும்போது லிஃப்டில் 22-ஐ அழுத்தாதீர்கள். பேஸ்மென்ட்டுக்குப் போங்கள்.

எவ்வளவு வெள்ளம் வந்தாலும் 22-வது மாடி மூழ்காது. ஆனால் அந்த வீட்டின் உயிர் கீழே இருக்கிறது. தண்ணீரை 10 மீட்டர் மேலே ஏற்ற ஏறக்குறைய 1 பார் அழுத்தம் வேண்டும். உங்கள் மாடி 65 மீட்டராவது இருக்கும். தெருக்குழாயின் அழுத்தத்தில் தண்ணீர் அங்கே ஏறாது, பம்ப்தான் ஏற்ற வேண்டும். அந்த பம்ப், மின்பலகை, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் பெரும்பாலும் பேஸ்மென்ட்டில்தான் வைத்திருப்பார்கள். மேலே இருக்கும் இடத்தை விற்கலாம், பம்புக்கு ஒதுக்கினால் காசு வராதே! 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது இந்தக் கணக்கு வெளிச்சத்துக்கு வந்தது. பல உயரக் கட்டடங்களின் கீழ்த்தளங்களில் கடல்நீர் புகுந்து மின்சாதனங்கள் பாழாயின. வீட்டுக்குள் ஒரு சொட்டு வெள்ளம் வராதவர்களும் லிஃப்ட் இல்லாமல், குழாயில் தண்ணீர் இல்லாமல் நாள்கணக்கில் அல்லாடினார்கள்.

ஆகவே, அந்த மின்பலகைகள் தரையிலேயே நிற்கின்றனவா, மேடை கட்டி ஏற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். சுவரில் முழங்கால் உயரத்தில் நிறம் மாறிய கோடு இருந்தால், அது தண்ணீர் நின்ற அடையாளம். புதுசாக வெள்ளையடித்த பேஸ்மென்ட்டைக் கண்டால் எனக்குச் சந்தேகம் கூடுமே தவிரக் குறையாது. அங்கே வேலை செய்யும் எலெக்ட்ரீஷியனிடம், "பெருமழைக்கு இங்கே எதுவரை தண்ணீர் வரும்?" என்று கேளுங்கள். "வருமா?" என்று கேட்டால் "வராது" என்பார். "எதுவரை?" என்றால் கையால் காட்டிவிடுவார்.

அப்புறம் தலையைத் தூக்கி பேஸ்மென்ட்டின் கூரையைப் பாருங்கள். உங்கள் தண்ணீர் கடலா, ஆறா, ஏரியா என்று நீங்கள் எழுதவில்லையே! கடலோ கழிமுகமோ என்றால் காற்றிலேயே உப்பு இருக்கும். அது கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கி உள்கம்பியை அரிக்கும். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில் கான்கிரீட் வெடித்துச் சில்லுசில்லாக உதிரும். கம்பி ஓடும் வரிசையிலேயே விரிசல், பழுப்புக் கசிவு, தட்டினால் பொள்ளென்று ஒரு சத்தம், இதில் எது தெரிந்தாலும் வெளியிலிருந்து ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துக் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

குடியிருப்போர் சங்கத்தின் கடைசி மூன்று வருடக் கூட்டக் குறிப்புகளையும் கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவில் சர்ஃப்சைட் என்ற கடலோர ஊரில் 2021 ஜூன் 24 அதிகாலை 12 மாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி சரிந்து 98 பேர் இறந்தார்கள். அங்கே நீச்சல்குளத் தளத்தின் நீர்க்காப்பு கெட்டு கான்கிரீட் பழுதாகியிருப்பதை 2018-லேயே ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்தார். பெரிய பழுதுச் செலவைக் குடியிருப்போர் ஒப்புக்கொள்ளவே காலம் ஓடியது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நீங்கள் வாங்கப் போகும் கட்டடத்திலும் அப்படி ஒரு கடிதம் யாருடைய மேசை அறையிலாவது கிடக்கலாம். பழுதுநிதியில் எவ்வளவு இருக்கிறது, அடுத்த பெரிய வேலை என்ன என்று கேளுங்கள். மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

கேள்வி: நான் பார்த்த கடலோர ஃபிளாட்டில் பால்கனிக் கைப்பிடி "துருப்பிடிக்காத எஃகு" என்றார்கள். ஆனால் பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றன. ஏமாற்றுகிறார்களா?

பதில்: ஏமாற்று என்று சொல்ல முடியாது, சிக்கனம் என்று சொல்லலாம். அந்த எஃகில் 304, 316 என்று இரண்டு ரகம் அதிகம் புழங்குகிறது. 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகத்தைச் சேர்த்திருப்பார்கள். உப்புக்காற்றை ஓரளவு தாங்குவது அதுதான். 304 ஊருக்குள்ளே நன்றாக உழைக்கும், கடலோரத்தில் புள்ளி விடும். காந்தம் வைத்து இரண்டையும் பிரித்தறியலாம் என்று சொல்பவரை நம்பாதீர்கள். புள்ளி வெறும் அழகுக் குறைதான், நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவினால் குறையும். கம்பி தளத்துக்குள் இறங்கும் இடத்தைக் குனிந்து பாருங்கள், பிடித்து ஆட்டியும் பாருங்கள். அங்கே அசைந்தால், அந்தப் பால்கனியில் நிற்கவே வேண்டாம்.

கேள்வி: தண்ணீரைப் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். அந்தக் கண்ணாடி மேற்கு பார்த்தது. வெயில் தாங்குமா?

பதில்: உச்சிவெயில் நேராகத் தண்ணீரில் விழும்போது ஒளியில் சில சதவீதமே திரும்பும். சூரியன் சாயச் சாயத் திரும்புவது வெகுவாகக் கூடும். மாலையில் உங்களுக்கு வானத்தில் ஒரு சூரியன், தண்ணீரில் ஒரு சூரியன். உள்ளே திரை போட்டால் கூச்சம் குறையும், ஆனால் சூடு அதற்குள் கண்ணாடியைத் தாண்டியிருக்கும். வெப்பத்தைத் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடியா என்று கேளுங்கள். தரகர் காலை 10 மணிக்கு வரச் சொன்னால் மாலை 5 மணிக்குப் போங்கள்.

இன்னொன்று, இதை யாரும் யோசிப்பதில்லை. ஒரே படுக்கையறை. ஒரு பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் கதவு, ஒரு பக்கம் குளியலறை. மிச்சம் ஒரே சுவர். கட்டிலும் பீரோவும் அதற்குத்தான் சண்டை போடும். அளவு நாடாவை எடுத்துப் போங்கள்.

கேள்வி: காற்றடித்தால் 30-வது மாடி ஆடுமா?

பதில்: ஆடும். ஆட வேண்டும் என்றே கட்டுகிறார்கள். தைபே 101 கட்டடத்தில் ஆட்டத்தை மட்டுப்படுத்த 660 டன் எடையுள்ள ஒரு உருண்டையையே மேலே தொங்கவிட்டிருக்கிறார்கள். உங்களைத் தூங்கவிடாதது ஆட்டமாக இருக்காது. ஜன்னல் ரப்பர் காய்ந்துபோய் அந்த இடுக்கில் காற்று ஊதும் விசில்தான். அதை மாற்றுவது சின்ன வேலை.

கேள்வி: எதிரே கட்டடம் வந்து காட்சி மறைந்துவிட்டால் கேட்க முடியுமா?

பதில்: பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். சதுர அடி இருக்கும், மாடி எண் இருக்கும், காட்சி இருக்காது. 70 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் தொடுவானம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும்; அத்தனையையும் மறைக்க எதிர்மனையில் ஒரு கட்டடம் போதும். காலிமனையோ பழைய கிடங்கோ இருந்தால், அங்கே எத்தனை மாடிக்கு அனுமதி உண்டு என்று திட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: உங்கள் 17-வது மாடி வீட்டைப் பற்றி முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அதுவும் தண்ணீரோரம், ஒற்றைப் படுக்கையறை. அதை விற்றுவிட்டீர்களா?

பதில்: விற்கவில்லை. இத்தனை பேசும் நானும் அன்றைக்கு பேஸ்மென்ட்டைப் பார்க்காமல்தான் வாங்கினேன். இரண்டாம் வருடம் பம்ப் அறை மூழ்கியது. 9 நாள், 306 படி, ஒரு கையில் வாளி. எண்ணியதால் சொல்கிறேன். அடுத்த மூன்று வருடம் சங்கக் கூட்டம் ஒன்றுவிடாமல் போய், எல்லோரும் என்னைக் கண்டாலே எழுந்து போகும் அளவுக்குப் பேசினேன். இப்போது மின்பலகையும் பம்பின் மோட்டாரும் முதல் மாடியில் இருக்கின்றன, வண்டி நிறுத்தும் இடத்தில் இரண்டைப் பலிகொடுத்து. அதில் ஒன்று என்னுடையது.