ஒரே நாயினம், பல நாட்டுத் தபால்தலைகள்

கேள்வி: தபால்தலை சேகரிப்பில் இனி ஒரே ஒரு நாயினத்தில் மட்டும் கவனம் செலுத்த விரும்புகிறேன். எந்த இனத்தைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: தயங்காமல் நியூஃபவுண்ட்லாந்து இனத்தைத் தேர்ந்தெடுங்கள். 1949இல் கனடாவுடன் இணையும்வரை தனக்கெனத் தபால்தலைகளை வெளியிட்டுவந்த நியூஃபவுண்ட்லாந்து, தன் பெயரையே தாங்கிய அந்த நாயின் தலையை 1887ஆம் ஆண்டிலேயே அரை சென்ட் தபால்தலையில் அச்சிட்டது. உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், ரோமத்தின் அடர்த்தி முழுவதும் செதுக்கப்பட்ட நுண்கோடுகளாலேயே உருவாகியிருப்பது தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. முதலில் சிவப்பு வண்ணத்தில் வந்த அதே படம் 1894இல் கறுப்பில் வெளிவந்தது என்பதால், இரண்டையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். பிறகு 1932ஆம் ஆண்டின் 14 சென்ட் தபால்தலை. கனடா நாய் வளர்ப்போர் சங்கத்தின் நூற்றாண்டையொட்டி 1988இல் வெளியான நான்கு 37 சென்ட் தபால்தலைகளில் ஒன்றிலும் இந்த நாய் உண்டு.

பழைய தபால்தலைகளை விரலால் தொடாமல் இடுக்கியால் மட்டுமே எடுங்கள். ஓரத்துப் பற்களில் ஒன்று முறிந்தாலும் மதிப்புக் குறைந்துவிடும். நம் ராஜபாளையம் நாயும் 2005இல் இந்தியத் தபால்தலையில் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் பல நாடுகளில் தேடும் மகிழ்ச்சிக்கு நியூஃபவுண்ட்லாந்தே ஏற்றது.