பேட் மாற்றியும் பிரேக் கத்துகிறதா?

கேள்வி: மதுரை திருநகரில் இருக்கிறேன். மின்சார மலை சைக்கிள் வைத்திருக்கிறேன், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். வார நாட்களில் நாகமலைப் பக்கம், ஞாயிறன்று சிறுமலை. பின் பிரேக் கத்துகிறது, லிவரும் கைப்பிடி வரை வந்துவிடுகிறது. மூன்று முறை பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை) மாற்றியாயிற்று. கொஞ்ச நாள் நன்றாக இருக்கும், அப்புறம் பழைய கதைதான். என்ன செய்யலாம்?

பதில்: காரணம் தெரியாமல் நான்காவது முறை பேட் வாங்காதீர்கள். உங்களுக்கு இரண்டு கோளாறுகள் சேர்ந்திருக்கின்றன. பேட் மட்டும் மாற்றினால் இரண்டுமே தீராது.

முதலில் சத்தம். கடைசியாகக் கழற்றிய பேட்டை எடுத்துப் பாருங்கள். முகம் கண்ணாடி மாதிரி பளபளத்தால் சூட்டில் இறுகிப்போனது. கறுத்து ஈரமாக இருந்தால் எண்ணெய் ஏறியது. பெரும்பாலும் செயினுக்கு அடித்த ஸ்ப்ரே டிஸ்க்கிலும் பட்டிருக்கும். அதனால்தான் பின் பிரேக் அதிகம் பாதிக்கப்படுகிறது. வாட்டர் வாஷ் கடையில் கடைசியில் அடித்துவிடும் பாலிஷும் இதே வேலையைச் செய்யும். செயினுக்குச் சொட்டுச் சொட்டாக விடும் லூப் எண்ணெய் போதும். டிஸ்க்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதுப் பேட் போடுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் வேண்டாம். பேட்டைப் பிடித்திருக்கும் காலிப்பரே கசிந்தால் எத்தனை பேட் போட்டாலும் வீண். அதற்குள் பேட்டைத் தள்ளும் பிஸ்டனைச் சுற்றி டிஷ்யூ வைத்துப் பாருங்கள், ஈரம் காட்டிக்கொடுத்துவிடும்.

புதுப் பேட் போட்டதும் நேரே மலைக்குப் போகக் கூடாது. ஆளில்லாத சாலையில் 25 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகம் வரை, சக்கரம் பூட்டாமல், இருபது தடவையாவது பிரேக் பிடித்துப் பழக்க வேண்டும். கடைகள் இதைச் சொல்வதே இல்லை.

அடுத்து லிவர். இங்கேதான் எனக்குச் சந்தேகம் அதிகம். ஏர் எடுக்க, அதாவது பிரேக் ஆயிலில் சேர்ந்த காற்றை வெளியேற்ற, மோட்டார் பைக் மெக்கானிக்கிடம் கொடுத்தீர்களா? அவர் கையில் இருப்பது டாட் 3 அல்லது டாட் 4 என்ற மோட்டார் பைக் பிரேக் ஆயில். ஷிமானோ, டெக்ட்ரோ கம்பெனி சைக்கிள் பிரேக்குகள் மினரல் ஆயில் என்ற வேறு வகைக்கானவை. அவற்றில் டாட் ஊற்றினால் உள்ளே ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் உப்பிக் கெட்டுவிடும். எந்த ஆயில் என்று லிவர் மூடியிலேயே பெரும்பாலும் போட்டிருக்கும். ஆயில் சரியாக இருந்தும் லிவர் மெத்தென்று அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. முறைப்படி ஏர் எடுத்தால் சரியாகும். வீட்டில் கெட்டியாக இருந்து, இறக்கத்தில் மட்டும் தளர்ந்து, ஆறியதும் திரும்பினால் அது சூடு.

சிறுமலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி எடையே 25 கிலோவுக்குப் பக்கம், அதோடு நீங்கள். வழி முழுக்கப் பின் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே இறங்கினால் பேட் வெந்துவிடும். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, உடனே விட்டுவிடுங்கள். முன் பிரேக்கைக் கண்டு பயப்பட வேண்டாம், நிறுத்தும் பலம் அதில்தான் அதிகம். கீழே வந்ததும் டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் போய்விடும்.

டிஸ்க் தடிமனையும் அளந்துவிடுங்கள். ஷிமானோவில் புதிது 1.8 மி.மீ.; 1.5க்கு வந்தால் மாற்ற வேண்டும். 'ரெசின் பேட் (மென்மையான வகை) மட்டும்' என்று பொறித்த டிஸ்க்கில் மெட்டல் பேட் போட்டால் டிஸ்க் சீக்கிரம் தேயும். மலை இறக்கத்துக்கு மெட்டல் பேட்தான் தாங்கும், அதற்கேற்ற டிஸ்க்கோடு.

டாட் ஊற்றியது உறுதியானால் சீல் சீலாக மாற்றிக்கொண்டிருக்காமல் லிவர், ஹோஸ் (ஆயில் குழாய்), காலிப்பர் மூன்றையும் செட்டாக மாற்றுவதே மலிவு. பழைய லிவரில் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் ஒயர் இருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும். பின் சக்கரத்தைத் தூக்கி, மோட்டாரைச் சுற்றவிட்டு, லிவரை லேசாகத் தொட்டுப் பாருங்கள். மோட்டார் உடனே நிற்காவிட்டால் மெக்கானிக்கிடமிருந்து வண்டியைத் திரும்ப எடுக்காதீர்கள்.